கெட்டமின் குப்பி மார்த்தாண்டம் வந்த வழி

மார்த்தாண்டம், குழித்துறை வட்டாரத்தில் அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனை எதுவானாலும் ஆபரேஷன் தியேட்டரில் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று இருக்கும். அதற்குள் இருக்கும் மருந்துகளில் ஒன்று, சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. ரப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினியப் பட்டை, உள்ளே தண்ணீர் போலத் தெளிந்த 10 மில்லி திரவம். ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் கெட்டமின். எவ்வளவு எடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு மிச்சம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அலமாரியை மறுபடி பூட்ட முடியும்.

முதிய வயதில் வரும் மனச்சோர்வைப் பற்றி எழுத உட்கார்ந்த நான் ஒரு மயக்க மருந்தின் கதையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. மனதின் வழக்கமான ஓட்டத்தைச் சில மணி நேரம் கலைத்துப் போடும் மருந்துகளை, பக்கத்தில் ஆள் இருந்து கவனமாகக் கொடுத்தால், எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வு அசைகிறது என்ற பேச்சு இப்போது உலகமெங்கும் நடக்கிறது. காளானில் இருக்கும் சைலோசைபின், எல்எஸ்டி, எம்டிஎம்ஏ என்று அந்தப் பட்டியல் நீளும். அவை எல்லாமே நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் அடைபட்டவை. கெட்டமின் அந்தக் குடும்பத்துக்கு நேர் வாரிசு இல்லை, தூரத்து உறவு. ஆனாலும் நம் ஊர் மருத்துவர் கையில் சட்டப்படி இருக்கும் உறவு அது ஒன்றுதான்.

அதன் கதை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தொடங்குகிறது. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956இல், பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர் விக்டர் மேடாக்ஸ் பென்சைக்ளிடின் என்ற பொருளை உருவாக்கினார். அது மூச்சை அடக்காமல், ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தாமல் வலியை மறக்கடித்தது. ஆனால் விழித்தெழுந்தவர்கள் மணிக்கணக்கில் பிதற்றினார்கள், சிலர் ஆவேசம் கொண்டார்கள். இதே குணத்தோடு, ஆனால் சீக்கிரம் தெளிந்துவிடும் ஒன்றைத் தேடிய அந்த நிறுவனத்துக்காக, வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கால்வின் ஸ்டீவன்ஸ் 1962இல் செய்து கொடுத்ததுதான் கெட்டமின்.

1964 ஆகஸ்ட் 3ஆம் தேதி முதன்முதலாக ஒரு மனிதருக்கு அது ஏற்றப்பட்டது. இடம் மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் சிறை. எட்வர்ட் டொமினோ, கன்டர் கோர்சன் என்ற இரு மருத்துவர்கள் 20 கைதிகளிடம் அதைச் சோதித்தார்கள். கைதிகளை வைத்து மருந்து ஆய்வு செய்வது அன்று அங்கே நடைமுறை. கம்பிக்குப் பின்னால் இருப்பவன் சொல்லும் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அந்த மனிதர்கள் விழித்ததும் சொன்னதை டொமினோ காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்தார். கையும் காலும் இல்லாததுபோல் இருந்தது, ஆகாயவெளியில் மிதந்தேன் என்றார்கள். நிறுவனம் இந்தப் பேச்சை விரும்பவில்லை. கனவு, பிரமை என்று எழுதினால் மருந்து விலைபோகாதே. உடலோடு தொடர்பு விட்டுப்போன நிலை என்று அதை விவரிக்கலாம் என்று டொமினோவின் மனைவி டோனி சொன்ன யோசனைதான் ஆய்வுக் கட்டுரையில் ஏறியது.

இந்த மருந்து பின்னால் எடுத்த ஒவ்வொரு திருப்பமும் இப்படித்தான் அமைந்தது. விழித்தவர் சொன்னதை யாராவது கேட்டார்களா, கேட்டு அதைத் தொந்தரவாக எடுத்தார்களா, தகவலாக எடுத்தார்களா என்பதை வைத்து அதன் பாதை மாறியது.

1970இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டரும் மூச்சு இயந்திரமும் இல்லாத இடத்திலும் பயன்படுகிறது என்பதால் 1985இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கால்நடை மருத்துவமும் அதை எடுத்துக்கொண்டது. சைலசினும் கெட்டமினும் சேர்ந்த கலவை நம் வனத்துறை மருத்துவர்களுக்குப் பழகிய ஒன்று. 2023 ஜூனில் தேனிப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பன் யானையை நம் மேல்கோதையாறு காட்டில் கொண்டு விட்டபோது இந்த மாவட்டமே அதைப் பற்றித்தான் பேசியது நினைவிருக்கலாம்.

யானையை விடுவோம். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு ஓர் இடம். 1970களிலும் 80களிலும் இந்தியா முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் நடந்தன. இரண்டாவது பிள்ளையோ மூன்றாவது பிள்ளையோ பிறந்த கையோடு பெண்கள் வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டார்கள். மயக்கவியல் மருத்துவர் எல்லா இடத்திலும் கிடைக்காத காலம். அந்த அறுவைகளுக்குப் பயன்பட்ட மருந்துகளில் கெட்டமினும் ஒன்று. 1983இல் 28 வயதில் அப்படி அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு இன்று 70 தாண்டியிருக்கும். இன்று நம் வீட்டுத் திண்ணையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மச்சிமார்களில் சிலர் இந்த மருந்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தவர்கள்.

மருந்து தெளியும்போது என்ன நடக்கும் என்று தியேட்டரில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கண் திறந்திருக்கும், கருவிழி இரண்டு பக்கமும் ஆடும், பார்வை யார்மீதும் நிற்காது. பிறகு பேச்சு வரும். "எனக்க உடம்பு கீழ கெடக்கு, நான் மேல நின்னு பாக்கேன்." "ஆகாசத்துல பறந்தேன்." செத்துப்போன அம்மையைக் கண்டேன் என்று அழுபவர்கள் உண்டு, சிரிப்பவர்கள் உண்டு, பயந்து கத்துபவர்களும் உண்டு. "ஒண்ணுமில்ல, ஊசிக்க வேலையாக்கும், பேசாம கெடயுங்க" என்று கையைப் பிடித்துச் சமாதானம் சொல்வார்கள். அந்தக் கனவு வராமலிருக்க மிடசோலம் என்ற ஊசியைச் சேர்த்துக் கொடுப்பதும், விளக்கைத் தணித்துச் சத்தமில்லாமல் வைப்பதும், மயங்கும் முன் நல்லதாக ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்வதும் மயக்கவியலில் பழைய வழக்கங்கள். அறுவைக்கு அது சரி. பயந்த மனதோடு போனவருக்குக் கனவும் பயமாகத்தான் வருகிறது என்ற அறிவு, மனநல மருத்துவர்கள் இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தியேட்டர்க்காரர்களிடம் இருந்தது.

ரஷ்யாவில் எவ்கெனி க்ருபிட்ஸ்கி என்ற மருத்துவர் 1985 முதல் அந்தக் கனவையே சிகிச்சையாக்கிப் பார்த்தார். குடிநோயாளிகளைப் பல நாள் பேசித் தயார்செய்து, கெட்டமின் கொடுத்து, கூட இருந்து, தெளிந்த பிறகு கண்டதையெல்லாம் சொல்ல வைத்து அதன்மேல் பேசினார். 111 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஓர் ஆண்டு குடிக்காமல் இருந்ததாக 1997இல் எழுதினார். ஆய்வின் கட்டுக்கோப்பில் குறை சொல்ல இடமுண்டு. ஆனால் நோயாளியோடு அத்தனை நேரம் உட்கார்ந்திருந்ததை யாரும் குறை சொல்ல முடியாது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இது வேறு வழியாக வந்தது. மனச்சிதைவு நோயைப் புரிந்துகொள்ள, 1990களில் ஜான் கிறிஸ்டலும் உடனிருந்தவர்களும் நலமாக இருப்பவர்களுக்குக் குறைந்த அளவில் கெட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் தொடர்ச்சியாக, மனச்சோர்வு உள்ள 7 பேருக்கு 40 நிமிடத்தில் மெல்ல ஏற்றிய சிறு ஆய்வு 2000இல் வெளியானது. அறுவைக்குக் கொடுப்பதில் பாதிக்கும் கீழான அளவு. சில மணி நேரத்தில் மனம் லேசானது என்றார்கள். 2006இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராத்தே 18 பேரிடம் அதைச் சோதித்தார். வேறு மருந்துகள் பலிக்காதவர்கள் அவர்கள். கெட்டமின் பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு ஒரே நாளில் நோயின் கனம் பாதியாகக் குறைந்தது. வழக்கமான மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்காகும். வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

மூளையில் ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் பொருள்களில் குளுட்டமேட் முக்கியமானது. அது வந்து உட்காரும் இடங்களில் ஒருவகையான என்எம்டிஏ ஏற்பிகளைக் கெட்டமின் அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பைத் தொடர்ந்து, புதிய நரம்பு இணைப்புகள் தளிர்ப்பதை 2010இல் யேலில் எலிகளிடம் கண்டார்கள். மருந்து சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடுகிறது. பலன் சில நாள் நிற்கிறது, ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தேய்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டிவருகிறது. எத்தனை முறை, எவ்வளவு காலம் என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. போதைக்காகத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கிப்போகும். அமெரிக்க நடிகர் மேத்யூ பெரி 2023 அக்டோபரில் இறந்ததற்கு முதல் காரணம் கெட்டமின் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது.

இதற்குள் சட்டமும் குப்பியைச் சுற்றி வந்துவிட்டது. இங்கே தயாராகும் கெட்டமின் கள்ளத்தனமாக வெளிநாட்டுக்குப் போகிறது என்பதால் 2011இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும், 2013 டிசம்பரில் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணைக்குள்ளும் இந்திய அரசு அதைக் கொண்டுவந்தது. பூட்டு அலமாரி, இரட்டைப் பிரதிச் சீட்டு, சீட்டின் ஒரு பிரதியை இரண்டு ஆண்டு பத்திரமாக வைப்பது எல்லாம் அதனால் வந்தவை. உலக அளவிலும் கெட்டமினை இறுக்கமான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சீனா முன்மொழிந்தது. ஏழை நாடுகளின் சிறு மருத்துவமனைகளில் இதுவே ஒரே மயக்க மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் தடுத்து வாதாடியது. 2015 மார்ச்சில் ஐ.நா. அந்த முடிவைத் தள்ளிவைத்தது. பூட்டு வேண்டியதுதான். ஆனால் பயத்தில் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கேரள எல்லைக்கு அந்தப் பக்கமே பாடம் இருக்கிறது. 1985 சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் மார்பின் கிடைப்பது அரிதாகி, புற்றுநோயாளிகள் வலியோடு செத்தார்கள். திருவனந்தபுரத்தில் 2003இல் பாலியம் இந்தியா என்ற வலிதணிப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 2014இல் சட்டம் திருந்தியது. அவர் ஒரு மயக்கவியல் மருத்துவர் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

அமெரிக்கா 2019 மார்ச்சில், கெட்டமினின் ஒரு வடிவமான, மூக்கில் பீய்ச்சும் எஸ்கெட்டமினை மனச்சோர்வுக்கு அனுமதித்தது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பதிவுபெற்ற மருத்துவமனையில் எடுத்துக்கொண்டு 2 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஒரு தவணைக்கே பல நூறு டாலர். பழைய குப்பி மருந்துக்குக் காப்புரிமை காலாவதியாகி வெகுநாளாகிவிட்டது, விலையும் சொற்பம். அதனால் அதற்காகப் பெரிய ஆய்வு நடத்த எந்த நிறுவனத்துக்கும் அக்கறை இல்லை.

சரி, இதெல்லாம் 65 தாண்டியவர்களுக்குப் பொருந்துமா? எஸ்கெட்டமினை 65 வயதுக்கு மேற்பட்ட 138 பேரிடம் மட்டும் சோதித்த ஆய்வு 2020இல் வெளியானது. பலன் ஓரளவு தெரிந்தாலும், நிச்சயம் என்று சொல்லும் கோட்டை அது தொடவில்லை. ஆஸ்திரேலியாவில் கொலீன் லூ குழுவினர், 60 தாண்டிய 16 பேருக்குக் கெட்டமினைத் தோலுக்கடியில் ஊசியாக, மிகக் குறைந்த அளவில் தொடங்கி ஆளுக்கு ஏற்றாற்போல் படிப்படியாக ஏற்றி நல்ல பலன் கண்டதை 2017இல் எழுதினார்கள். ஆனால் அது 16 பேரின் கதைதான். அதே ஆண்டில் இந்தியா உட்பட 4 நாடுகளில், பெரிய அறுவைக்கு வந்த 60 தாண்டிய 672 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு வெளியானது. அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பத்தை ஒரு வேளைக் கெட்டமின் தடுக்குமா என்பது கேள்வி. தடுக்கவில்லை. மாறாகப் பிரமையும் கெட்ட கனவும் கூடின.

கெட்டமின் கொடுத்த சிறிது நேரத்தில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கும், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை. தலை சுற்றும். எழுந்து நடந்து விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். மறதி நோய் தொடங்கியவருக்குக் குழப்பம் கூடலாம். பிரஷர் மெஷினும் மானிட்டரும் மயக்கவியல் மருத்துவரும் இல்லாத அறையில் முதியவருக்கு இதைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

அப்படியானால் அந்தக் கனவுக்கு வேலை இருக்கிறதா, இல்லையா? 2023இல் ஸ்டான்ஃபோர்டில், மனச்சோர்வோடு வேறு அறுவைக்கு வந்த 40 பேருக்கு, முழு மயக்கத்தில் இருக்கும்போதே பாதிப்பேருக்குக் கெட்டமினும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரும் கொடுத்தார்கள். கனவு காண ஆள் விழிப்பில் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் மனச்சோர்வு நன்றாகவே, ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. எனக்குக் கெட்டமின்தான் கிடைத்திருக்கும் என்று நம்பியவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மருந்துக்கே சக்தியில்லை என்று இதை வைத்து முடிவுகட்டுவது அவசரம். ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப வந்து, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்கும் கவனிப்புக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சைலோசைபின் ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 51 புற்றுநோயாளிகளிடம் ரோலண்ட் கிரிஃபித்ஸ் நடத்திய ஆய்வில், மரணபயத்திலும் சோர்விலும் இருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் மனம் தெளிந்திருந்தது. ஒரு நாள் மருந்துக்கு முன்னும் பின்னும் பல மணி நேரப் பேச்சு இருந்தது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுக்க விட்டிருக்கிறது. இங்கே அது குற்றம். கொடைக்கானலில் யாரோ விற்கும் காளானை அப்பாவின் சோர்வுக்கு வாங்கிவர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சட்டத்தை விடுங்கள், அது எந்தக் காளான், அப்பாவின் இதய மாத்திரையோடு என்ன செய்யும் என்று விற்பவனுக்கும் தெரியாது.

நம் ஊருக்கு வருவோம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு பேர், பிறகு ஒருவர் என்று தனித்துப்போனவர்கள் எத்தனையோ. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்கு மகனைக் கொடுத்துவிட்டு, உடலைக்கூடக் காணாமல் இருக்கும் தாய் தகப்பன்மார் உண்டு. இவர்கள் யாரும் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவதில்லை. "மேலெல்லாம் வேதனையாக்கும் டாக்டரே" என்பார்கள். "ராத்திரி உறக்கம் இல்ல மக்களே" என்பார்கள். சோறு இறங்கவில்லை என்பார்கள். வலிக்கு மாத்திரை, உறக்கத்துக்கு மாத்திரை, சத்துக்கு டானிக் என்று பை நிறையும். 2017-18இல் நாடு முழுக்க நடந்த முதியோர் கணக்கெடுப்பு ஒன்று, 60 தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருக்கக்கூடும் என்றது. மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் 0.8 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பேரின் பேச்சு கேட்பாரில்லாமல் போயிருக்கிறது.

அதனால் என் வீட்டுப் பெரியவருக்குக் கெட்டமின் கிடைக்குமா என்று யாராவது கேட்டால், அதற்கு முன்னால் ஆகவேண்டியதை வரிசையாகச் சொல்வேன். தைராய்டு, பி12, சர்க்கரை பார்த்தாயிற்றா? சாப்பிடும் மாத்திரைகளில் எதுவாவது சோர்வைத் தருகிறதா? இது துக்கமா, மறதி நோயின் தொடக்கமா, மனச்சோர்வா என்று பிரித்துப் பார்த்தாயிற்றா? சாதாரண மனச்சோர்வு மாத்திரையைச் சரியான அளவில், சரியான காலம் கொடுத்துப் பார்த்தாயிற்றா? சோறு தண்ணீரே வேண்டாம் என்று படுத்துவிட்டவருக்கும், இல்லாத குரல் கேட்பவருக்கும் மின் அதிர்வு சிகிச்சை இன்னமும் நம்பகமானது. கரண்ட் வைப்பது என்று நம் சனம் பயப்படும் அதை மயக்க மருந்து கொடுக்காமல் செய்யக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அன்றைக்கே 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் பேசலாம். காசில்லை, தமிழில் பேசுவார்கள்.

இவ்வளவும் பலிக்காமல்போன சிலருக்குத்தான் கெட்டமின். பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றில் மனநல மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் சேர்ந்து அதைக் கொடுக்கிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் அந்த இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மருந்தும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதலில் வருவதுதான், விலை உயர்ந்ததும் இல்லை. இல்லாதது இந்த மண்ணின் 65 தாண்டியவர்களை வைத்து, முறையான அனுமதியோடு நடத்திய ஓர் ஆய்வு. ஊசிக்கு முந்திய வாரம் அவர்களோடு பேசவும், ஏற்றும் நேரம் பிரஷர் பார்த்துக்கொண்டு கூட இருக்கவும், தெளிந்தவுடன் "என்ன கண்டீங்க அம்மச்சி" என்று கேட்டு எழுதி வைக்கவும் ஆள் போட்டு நடத்தும் ஆய்வு. அதைக் கேட்டு மனு எழுத வேண்டியவர்கள், ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் நாம்தான்.